விஆரில் அறிவியல் தரவு: டெமோவைத் தாண்டி, ஆய்வுக்கு யாராவது பயன்படுத்துகிறீர்களா?

#1 வான்நோக்கி

எல்லோருக்கும் வணக்கம். ரேடியோ வானியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கேலக்ஸிகளில் இருக்கும் நடுநிலை ஹைட்ரஜன் வாயுதான் என் ஆய்வுப் பொருள். அது 1420 மெகாஹெர்ட்ஸில், அதாவது 21 செ.மீ. அலைநீளத்தில், கதிர்வீசும். தொலைநோக்கியிலிருந்து எங்களுக்குக் கிடைப்பது ஒரு தரவுக் கனசதுரம். இரண்டு அச்சுகள் வானத்தில் இடத்தைக் காட்டும். மூன்றாவது அச்சு அதிர்வெண். டாப்ளர் விளைவை வைத்து அதை வாயுவின் வேகமாக மாற்றிக்கொள்வோம்.

எது வாயு, எது இரைச்சல் என்று பிரித்து மாஸ்க் போட, அதாவது வாயு இருக்கும் பகுதிகளை மட்டும் குறித்துவைக்க, சோஃபியா என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். பிரகாசமான பகுதிகளில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் இரண்டு கேலக்ஸிகள் நெருங்கிப் போனபோது இழுபட்டு வெளியே வந்த மெல்லிய வாயு வால்கள் இரைச்சலின் விளிம்பிலேயே இருக்கும். அங்கே கடைசி முடிவை மனிதக் கண்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இப்போதைக்குச் சேனல் சேனலாக, அதாவது ஒவ்வொரு அதிர்வெண் துண்டாக, திரையில் புரட்டிப் பார்க்கிறேன். ஒரு சேனலில் சின்னப் புள்ளியாகத் தெரிவது அடுத்த சேனலில் சற்று நகர்ந்து தெரிகிறதா என்பதை மனதிலேயே கோத்துக்கொள்ள வேண்டும். சோர்வான வேலை.

எங்கள் குழுவில் விஆர் (மெய்நிகர் உண்மை) ஹெட்செட் ஒன்று வாங்கலாமா என்று பேச்சு வந்திருக்கிறது. கண்காட்சிகளில் பார்க்கிற 'விண்வெளியில் பறக்கலாம்' வகை டெமோ எனக்கு வேண்டாம். வேறு துறைகளில் இருப்பவர்களும் சொல்லலாம்: தினசரி ஆய்வில் இது உங்களுக்குப் பயன்பட்டதா? பணம் கேட்பதற்கு முன்னால் நான் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

#2 அளவுகோல்

புள்ளியியல்காரன் என்ற முறையில் முதலில் எதிர்த்தரப்பை வைத்துவிடுகிறேன்.

நம் கண் ஒரு தளத்தில் இருக்கும் இரண்டு கோடுகளின் நீளத்தை ஒப்பிடுவதில் கெட்டி. ஆழத்தை ஒப்பிடுவதில் அவ்வளவு துல்லியம் கிடையாது. முப்பரிமாணத்தில் வைத்தவுடன் மூன்று தொல்லைகள் வந்துவிடும். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும். தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும், ஆகவே அளவை நம்ப முடியாது. நிழலும் ஒளியும் சேர்த்தால் நிறத்தை வைத்து மதிப்பைப் படிப்பதும் கெடும். இது போதாதென்று, ஹெட்செட்டில் மனிதர்கள் தூரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

ஆகவே என் முதல் கேள்வி: மூன்றாவது அச்சு உண்மையிலேயே இடமா? மரபணு வெளிப்பாட்டுத் தரவை மூன்று முதன்மைக் கூறுகளாகச் சுருக்கி, அந்தப் புள்ளி மேகத்துக்குள் விஆரில் நடந்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த 'இடம்' கணக்கில் உருவானது. அதில் நடப்பதால் கூடுதலாக என்ன தெரியும் என்று எனக்கு இதுவரை யாரும் காட்டியதில்லை. இரண்டிரண்டு அச்சாகப் போட்ட சாதாரணச் சிதறல் படங்கள் போதும்.

உங்கள் விஷயத்திலும் மூன்றாவது அச்சு வேகம், தூரம் கிடையாது. இடத்தையும் வேகத்தையும் ஒரே பெட்டியில் வைக்கும்போது எந்த விகிதத்தில் வைக்கிறீர்கள்? வேக அச்சை இரண்டு மடங்கு இழுத்தால் உருவமே மாறும். அந்த உருவத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு எவ்வளவு தூரம் தரவுடையது, எவ்வளவு தூரம் நீங்கள் தேர்ந்த விகிதத்துடையது?

#3 செல்வலை

அளவுகோல் சொன்னதில் பாதி சரி. மறுபாதிக்கு என் துறையிலிருந்து பதில் சொல்கிறேன்.

நான் நுண்ணோக்கிப் படங்களில் நரம்பு செல்களின் கிளைகளைத் தொடர்ந்து வரைகிறவள். எங்கள் தரவில் மூன்று அச்சுமே நிஜமான இடம். ஒரு மில்லிமீட்டர் திசுவுக்குள் நூற்றுக்கணக்கான இழைகள் ஒன்றையொன்று தாண்டிப் போகும். திரையில் தட்டையாகப் பார்க்கும்போது இரண்டு இழைகள் குறுக்கே தாண்டுகிற இடத்தில், இது ஒரே செல்லின் கிளையா, இரண்டு தனி செல்களா என்று தெரியாது. விஆரில் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே போதும், தெரிந்துவிடும்.

பலர் இதை இரண்டு கண்ணில் இரண்டு படம் தெரிவதால் வரும் பலன் என்று மட்டும் நினைக்கிறார்கள். தலை அசைவு அதைவிடப் பெரிய உதவி. வாசலில் நிற்கிற வேப்பமரத்தை ஒரு கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் பாருங்கள். எல்லாக் கிளையும் ஒரே தளத்தில் ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். அப்புறம் அதே ஒற்றைக் கண்ணோடு தலையை இடம் வலமாக அசையுங்கள். எந்தக் கிளை முன்னால், எது பின்னால் என்று உடனே பிரியும். திரையில் மவுஸால் மாதிரியைச் சுழற்றினாலும் இது ஓரளவு கிடைக்கும். ஆனால் அங்கே ஒரு கை முழுக்கச் சுழற்றுவதிலேயே போய்விடும். ஹெட்செட்டில் பார்வையைத் தலை பார்த்துக்கொள்ளும், இரண்டு கையும் வேலைக்கு மிஞ்சும்.

இதற்கென்றே மென்பொருள்கள் வந்துவிட்டன. சைகிளாஸ் பல ஆய்வகங்களில் இருக்கிறது. ஒற்றை மூலக்கூறு நுண்ணோக்கியில் கிடைக்கும் லட்சக்கணக்கான புள்ளிகளைப் பார்க்க, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் லூம் விஆர் நிறுவனமும் சேர்ந்து செய்த வி-லூம் 2020இல் வெளியானது. அதில் எனக்குப் பிடித்தது, ஒரு பகுதியைக் கையால் வளைத்துத் தேர்ந்தெடுத்து, அந்தப் புள்ளிகளின் மேல் மட்டும் கணக்கு ஓட்டலாம். பார்த்து வியந்துவிட்டு ஹெட்செட்டைக் கழற்றி வைப்பதோடு வேலை நிற்பதில்லை. நான் உள்ளே செய்ததெல்லாம் ஆயத்தொலைவுகளாக வெளியே வர வேண்டும். வராவிட்டால் அந்த மென்பொருளை நான் தொடமாட்டேன்.

#4 வான்நோக்கி

ரொம்ப நன்றி அக்கா. அளவுகோல் சார், உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் வேக அச்சை நாங்கள் தூரமாகப் படிப்பதில்லை. சீராகச் சுழலும் ஒரு வாயுத் தட்டு கனசதுரத்தில் முறுக்கிய பட்டை மாதிரி ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் வரும். ஒரு பக்கம் நம்மை நோக்கி வருகிறது, மறுபக்கம் விலகிப் போகிறது என்பதால் அந்த முறுக்கு. அந்தச் சுழற்சியில் சேராத வாயு, அதாவது வெளியிலிருந்து விழுவதோ பக்கத்துக் கேலக்ஸியால் இழுக்கப்பட்டதோ, பட்டையை விட்டு விலகித் துண்டாகவோ நீட்சியாகவோ தெரியும். நான் தேடுவது இந்த விலகலைத்தான். விகிதத்தை மாற்றினாலும் எது எதோடு ஒட்டியிருக்கிறது, எது தனித்து நிற்கிறது என்பது மாறாது இல்லையா?

#5 அளவுகோல்

தொடர்ச்சி மாறாது, ஒப்புக்கொள்கிறேன். 'எவ்வளவு பெரியது' என்பதை விஆரில் கேட்காமல், 'எதோடு தொடர்ந்திருக்கிறது' என்பதை மட்டும் கேட்டால் என் எதிர்ப்பில் பெரும்பகுதி விழுந்துவிடும். ஆனால் காட்சியின் வாசல் மதிப்பை மாற்றினால் அந்தத் தொடர்ச்சியும் மாறும். இரைச்சலின் இரண்டு மடங்குக்கு மேல் உள்ளதை மட்டும் காட்டினால் பாலம் மாதிரித் தெரிவது, மூன்று மடங்கில் இரண்டு தனித் துண்டாகிவிடும். அதை நினைவில் வையுங்கள்.

#6 கரிசல்

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன். எனக்கு இந்த விஷயத்தில் பல வருட ஈடுபாடு உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நேற்று முளைத்த யோசனை என்று இளைஞர்கள் நினைக்க வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் ஸ்டீவ் பிரைசனும் கிரியோன் லெவிட்டும் 'மெய்நிகர் காற்றுச் சுரங்கம்' ஒன்றைச் செய்தார்கள். கணினியில் கணக்கிட்ட காற்றோட்டத்துக்குள் ஆய்வாளர் கையுறை மாட்டிய கையை நீட்டினால், அந்த இடத்திலிருந்து ஓட்டக்கோடுகள் கிளம்பும். கையை நகர்த்தினால் கோடுகளும் நகரும். சுழல் எங்கே தொடங்குகிறது என்று கையாலேயே துழாவிக் கண்டுபிடிக்கலாம். நிஜக் காற்றுச் சுரங்கத்தில் கையை விட்டால் காற்றோட்டம் கலைந்துவிடும். இங்கே கலையாது. தரவு ஆய்வுக்கு விஆர் என்ன தரும் என்பதற்கு இன்றைக்கும் நான் காட்டும் முதல் உதாரணம் இதுதான்.

அதே காலத்தில், 1992இல், சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கரோலினா குரூஸ்-நெய்ரா, டேனியல் சாண்டின், தாமஸ் டிஃபான்டி ஆகியோர் கேவ் என்ற அறையைக் காட்டினார்கள். சுவர்களிலும் தரையிலும் படம் விழும், நடுவில் மனிதர் நிற்பார். பல லட்சம் டாலர் செலவாகும் என்பதால் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு மட்டுமே எட்டியது. புவியியலுக்கு அதை நன்றாகப் பயன்படுத்தியவர்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இருந்த கெக்கேவ்ஸ் குழு. லேசர் அளவீட்டில் கிடைத்த கோடிக்கணக்கான புள்ளிகளை இடைவெளி நிரப்பிப் பரப்பாக்காமல், புள்ளியாகவே உள்ளே வைத்து, நிலநடுக்கத்தில் நிலம் எங்கே பிளந்தது, எங்கே நகர்ந்தது என்று நேரடியாக அளந்தார்கள்.

என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது செவ்வாய் விஷயம். கியூரியாசிட்டி ஊர்தி 2012 ஆகஸ்டில் கேல் பள்ளத்தில் இறங்கியது. அது அனுப்பும் படங்களை ஒட்டி அகலப் படமாகத் திரையில் போட்டால், தூரம் எல்லாம் குழம்பிவிடும். பக்கத்தில் இருக்கும் சின்னக் கல்லும் தொலைவில் இருக்கும் பாறைத் திட்டும் ஒரே அளவில் நிற்கும். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் மைக்ரோசாஃப்டோடு சேர்ந்து 2015இல் ஆன்சைட் என்ற கருவியை அறிவித்தது. ஹோலோலென்ஸ் கண்ணாடியை மாட்டினால் ஆய்வாளர் செவ்வாய்த் தரையில் ஊர்திக்குப் பக்கத்தில் நிற்கலாம், குனிந்து பாறை அடுக்கைப் பார்க்கலாம், வேறு ஊரில் இருக்கும் சக ஆய்வாளரும் அதே தரையில் நிற்பார். 2018இன் நாசா சிறந்த மென்பொருள் விருது அதற்குக் கிடைத்தது.

ஏன் இது புவியியலாளருக்கு இவ்வளவு முக்கியம் என்றால், எங்கள் தொழிலே நின்று பார்ப்பதுதான். பாறை அடுக்கு எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது, அந்தப் பக்கத்துச் சரிவில் தெரிவது இதே அடுக்கின் தொடர்ச்சியா என்பதை நாங்கள் நடந்து, திரும்பிப் பார்த்து, குந்தி உட்கார்ந்துதான் தீர்மானிப்போம். உடம்பு முழுக்க அந்தப் பழக்கத்தில் ஊறியது. தட்டைப் படத்தைக் கொடுத்தால் அந்தப் பயிற்சி அத்தனையும் வீணாகிவிடும். யாருமே கால் வைக்க முடியாத ஒரு நிலத்தில் அந்தப் பழக்கத்தைத் திரும்பக் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே தம்பி, உங்கள் கேள்வியை இப்படித் திருப்பிக் கேட்டுப் பாருங்கள்: உங்கள் துறையில் கண்ணும் உடம்பும் ஏற்கெனவே கற்றுவைத்த திறமை எது? விஆர் அதை வேலைக்கு அழைக்கிறதா?

#7 பெப்டைட்

கரிசல் ஐயாவின் கடைசிக் கேள்வி எங்கள் பக்கமும் பொருந்தும். ஆனால் கணிப்பு வேதியியலில் பார்ப்பதைவிடத் தொடுவதுதான் பெரிய லாபம்.

வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் புரூக்ஸ் 1967லிருந்தே குரோப் என்ற திட்டம் நடத்தினார். மூலக்கூறு புரதத்தில் பொருந்தும்போது உண்டாகும் விசையை ஓர் இயந்திரக் கை வழியாக ஆய்வாளர் உணர்வார். அந்தப் பாதையில் இன்று வந்திருப்பது, பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் டேவிட் குளோவாக்கி குழு தொடங்கிய நாருபா. மூலக்கூறு இயக்கவியல் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் ஓர் அணுவைப் பிடித்து இழுக்கலாம், மற்ற அணுக்கள் இயற்பியல் விதிப்படி நகரும். 2018இல் அவர்கள் வெளியிட்ட சோதனையில் மவுஸ், தொடுதிரை, விஆர் மூன்றையும் ஒப்பிட்டார்கள். கார்பன் நானோ குழாய்க்குள் மீத்தேனை நுழைப்பது, ஹெலிசீன் என்ற திருகு வடிவ மூலக்கூறின் திருகுத் திசையை மாற்றுவது, ஒரு சிறு பெப்டைட்டில் முடிச்சுப் போடுவது ஆகியவை வேலைகள். அதிகமாக வித்தியாசம் தெரிந்தது முடிச்சில்தான். முடிச்சுப் போட ஆழத்தில் கையைக் கொண்டுபோய் வளைத்து வெளியே எடுக்க வேண்டும். மவுஸ் தளத்தில் மட்டுமே நகரும்.

ஆகவே வெறுமனே பார்க்கிற வேலையாக இல்லாமல், ஆழத்தில் கையால் எதையாவது தேர்ந்தெடுக்க, வெட்ட, வரைய வேண்டிய வேலையாக இருந்தால் விஆர் ஜெயிக்கும். உங்கள் மாஸ்க் திருத்தும் வேலை அந்த வகை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. செலவில்லாமல் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் கைமெராஎக்ஸ் என்ற மூலக்கூறு காட்சி மென்பொருள் கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம், விஆர் வசதி அதிலேயே இருக்கிறது. புரதம் மட்டுமின்றி முப்பரிமாணப் படத் தரவையும் திறக்கும்.

#8 புதுவரவு

ஒரு சின்னக் கேள்வி. எனக்கு ஹெட்செட் மாட்டினாலே தலை சுற்றுகிறது. ஆய்வுக்கு மணிக்கணக்கில் மாட்ட முடியுமா?

#9 செல்வலை

மணிக்கணக்கில் வேண்டவே வேண்டாம். 20, 30 நிமிடம் வேலை, அப்புறம் கழற்றிவிட்டுக் குறிப்பு எழுதுவது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

தலை சுற்றுவதற்குப் பெரும்பாலும் காரணம், கண் நகர்வதாகச் சொல்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நிற்பதாகச் சொல்கிறது. எனவே தரவுக்குள் பறக்காதீர்கள். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தரவைக் கையால் பிடித்துத் திருப்புங்கள், கிட்டே இழுங்கள். அந்த ஒரு மாற்றமே பலருக்குப் போதும். அடுத்தது, படம் தாமதமாக வரக் கூடாது. நொடிக்கு 90 சட்டங்கள் என்றால் ஒரு சட்டத்தை வரைய 11 மில்லிநொடிதான் இருக்கிறது. தரவு அதிகமாகி அது தவறும்போது வயிறு புரட்டும். அந்த நேரத்தில் தரவைக் குறையுங்கள், சகித்துக்கொண்டு தொடராதீர்கள்.

இன்னொன்று: ஹெட்செட் லென்ஸின் குவியத் தூரம் மாறாது, பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டரில் நிற்கும். பொருளை மூக்குக்கு அருகே கொண்டுவந்தால் கண்கள் உள்நோக்கித் திரும்பும், ஆனால் குவியம் தூரத்திலேயே நிற்கும். கண்வலி அங்கிருந்துதான் வருகிறது. கை நீட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் வைத்துப் பாருங்கள். கண்மணிகளின் இடைவெளியையும் உங்களுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் ஒரே ஹெட்செட்டைப் பலர் மாட்டும்போது எல்லோரும் மறப்பது இதைத்தான்.

#10 தென்முனை

வான்நோக்கிக்கு நேரடியாக உதவக்கூடிய தகவல். உங்கள் வகைத் தரவுக்கென்றே ஐடாவி என்ற மென்பொருள் இருக்கிறது. கேப் டவுனில் உள்ள ஐடியா என்ற வானியல் தரவு ஆய்வு நிறுவனம், இத்தாலியின் தேசிய வானியற்பியல் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது. தென்னாப்பிரிக்காவின் கரூ பகுதியில் 64 அலைவாங்கிகளோடு நிற்கும் மீர்காட் தொலைநோக்கியின் ஹைட்ரஜன் கனசதுரங்கள்தான் அதற்குத் தூண்டுதல். திறந்த மூல மென்பொருள். வானியலில் வழக்கமான ஃபிட்ஸ் வகைக் கோப்பை அப்படியே திறக்கும். சோஃபியா போட்ட மாஸ்க்கை மேலே ஏற்றி, வோக்சல் வோக்சலாக (கனசதுரத்தின் ஒவ்வொரு சிறு கட்டமாக) கையால் சேர்க்கலாம், நீக்கலாம். குரல் கட்டளையும் எடுத்துக்கொள்ளும். திருத்திய மாஸ்க் மறுபடி ஃபிட்ஸாகவே வெளியே வரும். செல்வலை கேட்ட நிபந்தனை இதில் நிறைவேறுகிறது.

கவனிக்க வேண்டியது நினைவகம். ஓர் அச்சுக்கு 1000 வோக்சல் என்றாலே 100 கோடி வோக்சல், ஒன்றுக்கு 4 பைட் என்றால் 4 ஜிபி. மீர்காட்டின் நுண் சேனல் முறையில் 32,768 சேனல்கள் வரும். முழுக் கனசதுரம் எந்த கிராபிக்ஸ் கார்டிலும் அடங்காது. சுருக்கித்தான் காட்ட வேண்டும். சுருக்கும்போது சராசரி எடுத்தால் ஒரு வோக்சல் அகலமுள்ள இழை கரைந்துபோகும். உச்ச மதிப்பை எடுத்தால் இரைச்சல் பொங்கித் தெரியும். ஆகவே முதலில் சுருக்கிய நிலையில் மேலோட்டமாகப் பாருங்கள். பிறகு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்து முழுத் தெளிவில் ஏற்றிப் பாருங்கள். மங்கலான வால் பற்றிய எந்த முடிவையும் சுருக்கிய படத்தில் எடுக்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

#11 வான்நோக்கி

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், மிக்க நன்றி! கூடவே ஒன்று. கையா விண்கலத் தரவை நாசாவின் கொடார்டு மையத்தில் விஆரில் வைத்து, சூரியனைச் சுற்றியுள்ள 40 லட்சம் விண்மீன்களின் இயக்கத்தை ஓடவிட்டுப் பார்த்ததாகப் படித்தேன். எந்த விண்மீன்கள் ஒரே குழுவாக நகர்கின்றன என்று வகைப்படுத்த அது உதவியிருக்கிறது. அங்கே மூன்று அச்சும் நிஜ இடம், நேரமும் சேர்கிறது. அளவுகோல் சார் இதை ஏற்பீர்களா?

#12 அளவுகோல்

ஏற்கிறேன், மகிழ்ச்சியோடு. ஆனால் கையா தரவில் ஒரு விஷயம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். விண்மீன் வானத்தில் எந்தத் திசையில் இருக்கிறது என்பது மிகத் துல்லியமாகத் தெரியும். எவ்வளவு தூரம் என்பது இடமாறு கோணத்திலிருந்து (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறுவதாகத் தெரியும் சிறு கோணம்) வருவதால், தொலைவு கூடக்கூடப் பிழையும் கூடும். அதனால் தொலைவில் உள்ள உருண்டையான விண்மீன் கொத்துகூட நம்மை நோக்கி நீண்ட விரல் மாதிரித் தெரியும். விஆரில் அந்த விரல்கள் அவ்வளவு நிஜமாக நிற்கும். அனுபவமில்லாதவர் அதை ஓர் அமைப்பு என்று நம்பிவிடுவார். அதே சமயம், எல்லா விரல்களும் ஒரே புள்ளியை, அதாவது சூரியனை, நோக்கி நீள்வதை உள்ளே நின்று பார்ப்பவர் ஒரு நொடியில் பிடித்துவிடவும் முடியும். பிழையையும் தரவோடு சேர்த்துக் காட்டும் வழியை மென்பொருள் செய்பவர்கள் இன்னும் அதிகமாக யோசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, வான்நோக்கி முதல் பதிவில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எதைச் சோதிக்க வேண்டும்?

உங்கள் கனசதுரத்தில் கேலக்ஸி எதுவும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த பகுதியை எடுங்கள். அது நிஜமான இரைச்சல். அதில் நீங்களே கணினியில் செய்த செயற்கை வால்களை, வெவ்வேறு பிரகாசத்தில், தெரிந்த இடங்களில் கலந்து வையுங்கள். சிலவற்றில் எதையும் கலக்காமல் வெறுமையாகவும் விடுங்கள், இது முக்கியம். எது எங்கே என்பது பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. குழுவில் உள்ளவர்கள் பாதியைத் திரையிலும் மீதியை விஆரிலும் பார்க்கட்டும். சிலர் திரையில் தொடங்க வேண்டும், சிலர் விஆரில். இல்லையென்றால் பழக்கம்தான் அளவாகும். கண்டுபிடித்தது எத்தனை, இல்லாததை இருப்பதாகச் சொன்னது எத்தனை, எடுத்த நேரம் எவ்வளவு என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது எண்ணைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நம் மூளை வடிவங்களைத் தேடுவதில் பேராசை பிடித்தது. முப்பரிமாண இரைச்சலுக்குள் நிற்கும்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒரு இழை தெரியும்.

#13 செல்வலை

அளவுகோல் சொன்ன சோதனை அருமை. நாங்களும் இதே மாதிரி செய்வோம்: ஒரே நரம்பு செல்லை இரண்டு பேர் தனித்தனியாக வரைந்து, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்போம். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. இருவர் விஆரில் ஒரே வாலைத் தனித்தனியாக மாஸ்க் செய்யட்டும்.

சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு: ஐஐடி மெட்ராஸில் விஆர் ஆய்வுக்கென்றே எக்ஸ்டிஐசி என்ற மையம் இருக்கிறது. சொந்தமாக ஹெட்செட் வாங்கும் முன் அங்கே எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். அதே வளாகத்தில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024இல் வெளியிட்ட தரணி என்ற, மனிதக் கருவின் மூளைப் படத்தொகுப்பில் 5,132 வெட்டுகள் இருக்கின்றன. அதை விஆரில் நின்று பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. யாராவது முயன்றால் இங்கே எழுதுங்கள்.

#14 வான்நோக்கி

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு முடிவு செய்தது இது: ஹெட்செட் வாங்கக் கேட்பதற்கு முன், பக்கத்துத் துறையில் இருக்கும் ஒன்றை இரவல் வாங்கி, ஐடாவியில் அளவுகோல் சாரின் சோதனையைச் செய்யப்போகிறேன். செயற்கை வால்களைத் தயார் செய்யும் நிரலை இந்த வாரமே எழுதத் தொடங்குகிறேன். ஒரே சந்தேகம்: விஆரில் நான் கையால் திருத்திய மாஸ்க்கைக் கட்டுரையில் எப்படிச் சொல்வது? 'கண்ணால் பார்த்து முடிவெடுத்தோம்' என்று எழுதினால் நடுவர்கள் கேள்வி கேட்பார்கள்.

#15 தென்முனை

கேட்கத்தான் செய்வார்கள், கேட்கவும் வேண்டும். சோஃபியா போட்ட மூல மாஸ்க், நீங்கள் திருத்தியது இரண்டையும் தனித்தனிக் கோப்பாக வைத்திருங்கள், இரண்டையும் கட்டுரையோடு வெளியிடுங்கள். எத்தனை வோக்சல் சேர்த்தீர்கள், எத்தனை நீக்கினீர்கள், அதனால் மொத்த ஹைட்ரஜன் நிறை எவ்வளவு மாறியது என்று ஓர் அட்டவணை போடுங்கள். காட்சியின் வாசல் மதிப்பையும் வேக அச்சின் விகிதத்தையும் ஃபிட்ஸ் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். செயற்கை வால் சோதனையின் முடிவு, விஆருக்குச் சாதகமாக வந்தாலும் வராவிட்டாலும், பின்னிணைப்பில் இருக்கட்டும். நிரல் தயாரானதும் இங்கே இணைப்புப் போடுங்கள், எங்கள் கனசதுரத்திலும் ஓட்டிப் பார்க்கிறேன்.